ஒரு சனிக்கிழமை வலம், மறு சனிக்கிழமை இடம்

திருவண்ணாமலை,
14.7.2025

அன்பான அக்காவுக்கு,

தம்பி சகாதேவன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் வீட்டில் எல்லோரும் சௌக்கியம். என் சர்க்கரை என்னைவிட சௌக்கியம்; முந்நூறுக்குக் கீழே இறங்க மாட்டேன் என்று அடம் பிடிக்கிறது. அங்கே நீயும் மாமாவும் சினை மாடும் எப்படி இருக்கிறீர்கள்?

நாற்பது நிமிஷ பஸ் தூரத்தில் இருக்கிற கீழ்பென்னாத்தூருக்குத் தபால் போடுகிறானே, இவனுக்கு என்ன ஆயிற்று என்று நினைப்பாய். நேரில் வந்தால் நீ பேசவிட மாட்டாய். போனில் என்றால் இரண்டாவது நிமிஷம் நீ கத்துவாய், மூன்றாவது நிமிஷம் நான் கத்துவேன், நாலாவது நிமிஷம் பக்கத்து வீட்டுக்காரன் டிவியை நிறுத்திவிட்டு நம்மைக் கேட்பான். கடிதம் என்றால் நீ குறுக்கே பேச முடியாது.

"அவ பேரை என் காதுல போடாதே" என்று நீ சொன்னது நினைவிருக்கிறது. போட மாட்டேன். பெங்களூர்க்காரர்கள் பூ வைக்க வந்த அன்று, "கல்யாணத்துக்கு அப்புறம் பொண்ணு டீச்சர் வேலையை விட்டுடணும்" என்றார்கள். உன் மகள் காபி டம்ளரை நீட்டிக்கொண்டே, "அவரும் கம்பெனி வேலையை விட்டுட்டு இங்க வரலாமே, நான் சம்பாதிக்கிறேன்" என்றாள். அவர்கள் பூவைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனதை நானும் மறக்கவில்லை. இருபது பேருக்குச் செய்த கேசரியை நான்தானே தின்று தீர்த்தேன்? ஒன்றரை வருஷமாக நீ அவளோடு பேசவில்லை. அவள் வேங்கிக்காலில் தனியாக வீடு எடுத்து இருக்கிறாள். அது உங்கள் விவகாரம். நான் எங்கள் பள்ளிக்கூடத்து விஷயத்தை மட்டும் எழுதுகிறேன். அதில் ஒரு டீச்சர் வருவார். இந்த மாவட்டத்தில் டீச்சருக்கா பஞ்சம்? யாரோ ஒரு டீச்சர் என்று வைத்துக்கொள்.

ஆமாம், ஐம்பத்து நாலு வயதில் மறுபடி தொடக்கப் பள்ளியில் சேர்ந்திருக்கிறேன். தன்னார்வலர். சம்பளம் இல்லை என்பதற்குத் தமிழில் எவ்வளவு மரியாதையான வார்த்தை பார். நாலாவது, அஞ்சாவது பிள்ளைகள் பள்ளிக்குப் பின்னால் இருக்கிற ஏரியில் சனிக்கிழமை காலையில் பறவைகளை எண்ண வேண்டும். எண்ணியதை சென்னையில் ஒரு விஞ்ஞானக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். எந்தப் பறவை பெருகுகிறது, எது குறைகிறது என்று இப்படி ஊர் ஊராகச் சாதாரண ஜனங்கள் எண்ணித்தான் கண்டுபிடிக்கிறார்களாம். முப்பது பிள்ளைகளைத் தனி ஆளாகத் தண்ணீர் ஓரம் கூட்டிப் போக முடியாதென்று டீச்சர் துணைக்குப் பெரியவர்களைத் தேடினார். என்னிடம் வந்து, "மாமா, உங்களை டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காரு இல்ல? சும்மா நடக்கறதுக்கு எண்ணிக்கிட்டே நடங்களேன்" என்றார். யாரோ ஒரு டீச்சர் என்னை மாமா என்று கூப்பிட்டால் நான் என்ன செய்ய முடியும்?

இருபத்தெட்டு வருஷம் கண்டக்டராக இருந்தவனுக்குத் தலை எண்ணுவது புதிதா என்று தெம்பாகப் போனேன். முதல் நாள் நான் எண்ணிய ஏழு கொக்குகளில் இரண்டு பாலிதீன் பைகள். அதைக் கண்டுபிடித்தது கீதாஞ்சலி என்ற நாலாம் வகுப்புப் பெண். "சார், உங்க கொக்குக்குக் கால் இல்ல சார்" என்றது.

மாமாவுக்கு வணக்கம் சொல். பதில் போடு, திட்டியாவது.

அன்புத் தம்பி,
சகாதேவன்

*

கீழ்பென்னாத்தூர்,
24.7.2025

தம்பி சகாதேவனுக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் நன்றாக இருக்கிறோம். மாடு கன்று போட்டது, கிடாரி. உன் சர்க்கரையைப் பற்றிச் சிரிப்பாக எழுதாதே. சோற்றைக் கம்மி செய்.

உனக்கு வேலை இல்லை என்று தெரிகிறது. யாரோ ஒரு டீச்சரைப் பற்றி எனக்கு எதற்கு எழுதுகிறாய்? இனிமேல் எழுதாதே.

அந்த ஏரியில் தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று மாமா கேட்கச் சொன்னார். சின்னப் பிள்ளைகள் ஆயிற்றே என்று கேட்கிறார். அந்த டீச்சருக்கு நீச்சல் தெரியாது என்றும் எழுதச் சொன்னார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தங்கம்மாள்

*

திருவண்ணாமலை,
18.8.2025

பிரியமுள்ள அக்காவுக்கு,

கன்றுக்குட்டி துள்ளுகிறதா? நான் துள்ளுகிறேன், காரணம் ஏரிக்கரை நாய்கள். அவற்றை எண்ணச் சொல்லியிருந்தால் எனக்கு முதல் பரிசு.

நீ எழுதாதே என்று சொன்னதால் நீயும் மாமாவும் ஆவலாக இருக்கிறீர்கள் என்று புரிந்துகொண்டு எழுதுகிறேன். தண்ணீர் கரையோரம் முழங்கால் அளவுதான், மாமாவிடம் சொல். பிள்ளைகளைக் கரைக்கு மேலேதான் நிறுத்துகிறோம். டீச்சர் எல்லோருக்கும் கடைசியில் வருவார், கோழி குஞ்சுகளை ஓட்டிக்கொண்டு வருவது மாதிரி.

சென்னைக் குழுவின் பிரசாத் என்கிற தம்பி வாட்ஸப்பில் விதிமுறை அனுப்பியிருந்தார். அதைச் சத்தமாகப் படித்து விளக்குகிற பொறுப்பு எனக்கு, கண்டக்டர் குரல் என்பதால். முக்கியமான வரி இது: "ஒரு சனிக்கிழமை வலம், மறு சனிக்கிழமை இடம்." நான் விளக்கினேன். "ஒரு வாரம் ஏரியை வலம் வரணும். மறு வாரம் நடக்க வேணாம், ஒரே இடத்துல உட்காந்து பார்க்கணும்." தலைமையாசிரியை ஜோதியம்மாள் தலையை ஆட்டினார். என்னைப் போலவே தன்னார்வலரான பால்கார வேணுவும் ஆட்டினார். டீச்சரும் ஆட்டினார். உட்காருகிற வாரமும் உண்டு என்றதும் நான் இரண்டு தரம் ஆட்டினேன்.

அப்படியே நடக்கிறது. வலம் வருகிற சனிக்கிழமை எனக்கு மூச்சு வாங்குகிறது. இடம் சனிக்கிழமை சொர்க்கம். எதிர்க்கரையில் கருவேல மர நிழலில், ஆளுக்கு ஒரு இடம், ஒரு மணி நேரம் அசையாமல், பேசாமல். முப்பது பிள்ளைகள் ஒரு மணி நேரம் வாயை மூடியிருக்கிறார்கள் என்று ஊரில் சொன்னால் யாரும் நம்பவில்லை. "அடிச்சு உட்கார வைக்கிறீங்களா?" என்று ஜோதியம்மாளே ஒருநாள் ஒளிந்திருந்து பார்த்தார். அடி எல்லாம் இல்லை. டீச்சர் முதல் ஆளாக உட்கார்ந்து ஏரியைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். அங்கே என்னதான் இருக்கிறது என்று பிள்ளைகளும் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள்.

பத்தாவது நிமிஷம் எனக்குத்தான் குறட்டை வருகிறது. கீதாஞ்சலி குச்சியால் குத்துகிறது.

அனைவருக்கும் என் அன்பு.

உன் தம்பி,
சகாதேவன்

*

கீழ்பென்னாத்தூர்,
22.9.2025

தம்பிக்கு,

இங்கே சௌக்கியம். பதில் எழுத நேரமில்லை, கடலை பிடுங்கிக்கொண்டிருந்தோம்.

காலை பஸ் கண்டக்டரிடம் ஒரு பை புதுக்கடலை கொடுத்து அனுப்பியிருக்கிறேன். பிள்ளைகளுக்கு வேகவைத்துக் கொடு. அந்த டீச்சருக்கு வேகவைத்தது பிடிக்காதாம், வறுத்ததுதான் தின்பாராம். மாமா சொன்னார். அவருக்கு எப்படித் தெரியும் என்று என்னைக் கேட்காதே.

நீ தின்னாதே.

தங்கம்மாள்

*

திருவண்ணாமலை,
13.10.2025

அருமை அக்காவுக்கு,

உங்கள் இருவர் உடம்புக்கும் ஒரு குறையும் இல்லாதிருக்க வேண்டும். கடலை வந்தது. பாதியை வேகவைத்தோம், பாதியை வறுத்தோம். டீச்சர் வறுத்த கடலையைக் கையில் வாங்கினார். "எந்த ஊர் கடலை மாமா?" என்றார். "யாரோ ஒரு விவசாயி கொடுத்தாங்க" என்றேன். ஒவ்வொன்றாகத் தோலை ஊதி ஊதித் தின்றார். வீட்டுக்கு ஒரு பிடி மடித்து எடுத்துக்கொண்டார்.

இப்போது ஒரு பெரிய செய்தி. முக்குளிப்பான் என்று ஒரு பறவை. வாத்தைத் தண்ணீரில் துவைத்ததில் சுருங்கிப் போன மாதிரி இருக்கும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே முங்கிவிடும், எங்கேயோ போய் எழும். கடன்காரனைக் கண்ட நான்தான். எதிர்க்கரைப் பக்கம் தண்ணீரில் பாசிக் குப்பை குவியல் குவியலாக மிதக்கும். வலம் வரும்போது அதைக் குப்பை என்றே எண்ணிக் கடந்துவிடுவோம். ஒரு இடம் சனிக்கிழமை கீதாஞ்சலி என் தொடையைக் கிள்ளியது. குப்பை மேல் முக்குளிப்பான் உட்கார்ந்திருக்கிறது! நாய் ஒன்று தண்ணீரில் இறங்கியதும் அது எழுந்தது. உடனே ஓடவில்லை. அலகால் பாசியை அள்ளி அள்ளி அடியில் எதையோ மூடியது. அவசர அவசரமாக நாலு வாய். அதன் பிறகுதான் முங்கியது. மூடியது முட்டைகளை. பார்க்கிறவனுக்கு வெறும் குப்பை, உள்ளே முட்டை.

மணி அடித்ததும் முப்பது பிள்ளைகளும் ஒரே நேரத்தில் பேசின சத்தம் மலை வரைக்கும் கேட்டிருக்கும். ஏரியில் இருந்த குப்பையை எல்லாம் மறுபடி எண்ணினார்கள். அதில் ஆறு கூடுகள். தினமும் அந்த வழியே பால் கொண்டுபோகிற வேணு, "நாலு வருஷமா இதைக் குப்பைன்னுதாங்க நினைச்சேன்" என்றார். டீச்சர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். பத்தாவதில் மார்க் வந்த அன்று ஒரு பெண் முகம் எப்படி இருந்தது, நினைவிருக்கிறதா? அது போல. எந்தப் பெண் என்று கேட்காதே.

தீபாவளிக்குப் பலகாரம் அனுப்பாதே. அனுப்பினால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

உன்,
சகாதேவன்

*

கீழ்பென்னாத்தூர்,
17.11.2025

தம்பிக்கு,

சுகம். உனக்கும் அதுவே வேண்டும். நடவு இருந்தது, எழுத முடியவில்லை.

அந்தப் பறவை முட்டையை மூடிவிட்டுப் போனால் முட்டை குளிர்ந்து போகாதா என்று மாமா கேட்கிறார். எவ்வளவு நேரம் கழித்துத் திரும்பி வருகிறது? போனது வராமலே இருந்துவிடுவதும் உண்டா?

வேறு விசேஷம் இல்லை.

தங்கம்மாள்

*

திருவண்ணாமலை,
1.12.2025

அக்காவுக்கு,

வீட்டில் எல்லோரும் சுகம், நான் மட்டும் சுகமில்லை. காய்ச்சல் இல்லை, வெட்கம்.

முதலில் மாமாவின் கேள்வி. பாசி அழுகும்போது அதற்குள்ளேயே சூடு இருக்குமாம், அதனால் முட்டை தாங்கும். ஆபத்து போனதும் திரும்பி வருகிறது. வராமல் இருந்ததை நாங்கள் பார்க்கவில்லை.

தீபக் கூட்டம் சேருவதற்கு முன்னால் வந்துபோகலாம் என்று சென்னையிலிருந்து பிரசாத் வந்தார். முப்பது வயதிருக்கும், கழுத்தில் பைனாகுலர். ஜோதியம்மாள் அறையில் உட்கார்ந்து நாங்கள் அனுப்பியதை எல்லாம் லேப்டாப்பில் விரித்தார்.

"எல்லா சுத்தும் ஒரே பக்கமா இருக்கே சார். இடம் எப்போ போனீங்க?"

"போன சனிக்கிழமைகூட இடம்தானே" என்றேன் நெஞ்சை நிமிர்த்தி. "ஒரு மணி நேரம். அசையவே இல்ல."

"அசையவே இல்லையா?"

"உட்காந்த இடத்தை விட்டு எழுந்திருக்கல தம்பி!"

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அப்புறம் மெதுவாகச் சொன்னார், வலம் என்றால் ஏரி வலது கைப்பக்கம் இருக்கும்படி சுற்றுவது, இடம் என்றால் இடது கைப்பக்கம் இருக்கும்படி திருப்பிச் சுற்றுவது. ஜோதியம்மாள் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "இடமா சுத்தறதா? எங்க பிள்ளைங்களையா? இது எந்த ஊருன்னு தெரிஞ்சுதான் அனுப்புனீங்களா தம்பி?"

அதுதான் அக்கா விஷயம். நீயே சொல், நம் ஊரில் யாருக்காவது இடமாகச் சுற்றலாம் என்று ஒரு எண்ணம் வருமா? மலையை வலம் வந்து வலம் வந்து, வலம் என்றாலே நமக்குச் சுற்றுவது என்றுதான் அர்த்தம். சுற்றுவதற்கு எதிர்ப்பதம் சும்மா உட்கார்ந்திருப்பது. பள்ளிக்கூடமே படித்தது, ஒரு ஆளுக்கும் சந்தேகம் வரவில்லை.

ஆனால் பிரசாத் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எப்போதும் ஒரே பக்கமாகப் போனால் முதல் கரையை வெயிலுக்கு முன்னால் பார்ப்போம், கடைசிக் கரையை வெயில் ஏறிய பிறகு பார்ப்போம். அங்கே பறவை கம்மி என்றால் கரையினால் கம்மியா, வெயிலினால் கம்மியா? சொல்ல முடியாது. "இந்த அஞ்சு மாசத்தைச் சேர்த்துக்க முடியாது மேடம்" என்றுவிட்டார். ஜன்னலில் கீதாஞ்சலியும் நாலைந்து பிள்ளைகளும் தொற்றிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு தலையாக இறங்கிப் போனது.

ஜோதியம்மாள், "சொந்தக்காரங்களை வாலண்டியரா வச்சா இப்படித்தான்" என்றார். டீச்சர், "படிச்சது யாரா இருந்தாலும் சரி பார்க்க வேண்டியது நான்தான் மேடம். தப்பு என்னுது" என்றார். நான் அங்கேயேதான் நின்றேன். அறையில் ஒளிந்துகொள்ளத் தோதாக எதுவும் இல்லை.

இன்னும் எழுத மனம் ஓடவில்லை. தீபத்துக்கு விளக்கு ஏற்றும்போது என் பேரிலும் ஒன்று ஏற்று.

சகாதேவன்

*

கீழ்பென்னாத்தூர்,
5.12.2025

டேய் சகாதேவா,

நலம் எல்லாம் அப்புறம். உன் கடிதம் நேற்று வந்தது.

என்ன நியாயம் இது? மழை, பனி, நாய் என்று பார்க்காமல் அஞ்சு மாதம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். தப்பாகப் படித்தது நீ. ஏழாம் வகுப்பிலேயே உன்னை டவுன் பள்ளியில் சேர்க்கச் சொன்னேன், யாரும் கேட்கவில்லை. இதில் தேவிப்ரியா என்ன தப்பு செய்தாள்? தப்பு என்னுது என்று அவள் ஏன் சொல்ல வேண்டும்? எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொள்வது அவள் வழக்கம், யாரிடமிருந்து வந்தது என்று தெரியவில்லை.

சேர்த்துக்க முடியாது என்றால் என்ன அர்த்தம்? அந்தக் குப்பைக்குள் முட்டை இருந்ததா, இல்லையா? நடந்துகொண்டே இருக்கிறவனுக்கு அது தெரிந்ததா? வேணுவுக்கு நாலு வருஷமாகத் தெரியவில்லையே! அந்தச் சென்னைப் பையனைப் பேசாமல் ஒரு மணி நேரம் அங்கே உட்காரச் சொல். அதற்கப்புறம் அவன் சொல்லட்டும்.

இதை நான் சொன்னதாகச் சொல்லாதே.

தங்கம்மாள்

*

திருவண்ணாமலை,
29.12.2025

என் அக்காவுக்கு,

பனி ஜாஸ்தியாக இருக்கிறது, காதை மூடிக்கொள், மாமாவையும் மூடிக்கொள்ளச் சொல். உன் போன கடிதத்தில் ஓரிடத்தில் மை ஊறிப்போய் ஏதோ பெயர் மாதிரித் தெரிந்தது. நான் ஒன்றும் படிக்கவில்லை.

நீ சொன்னதாகச் சொல்லாமல் டீச்சரிடம் சொன்னேன். "இதை யார் சொன்னது மாமா?" என்றார். "யாரோ ஒரு விவசாயி" என்றேன். அன்றே பிரசாத்துக்குப் போன் செய்தார். நான் பக்கத்தில் நின்று கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

"சார், உங்களுக்குத் திசை மாறணுமா, நேரம் மாறணுமா? நேரம்தானே? அப்போ ஒரு தடவை இந்தக் கரையில ஆரம்பிக்கிறோம், மறு தடவை எதிர்க்கரையில ஆரம்பிக்கிறோம். ரெண்டு தடவையும் வலமாவே வரோம். உங்க கணக்கும் சரியா இருக்கும், எங்க ஊரும் சண்டைக்கு வராது."

அந்தப் பக்கம் பேப்பரைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. "இது எங்களுக்குத் தோணவே இல்லையே மேடம்" என்று குரல் வந்தது.

"இன்னொண்ணு சார். நாங்க உட்காந்து பார்த்ததைத் தூக்கிப் போடறதுக்கு முன்னாடி ஒரு சனிக்கிழமை வந்து எங்களோட உட்காருங்க."

வந்தார். கருவேல மரத்தடியில் எனக்கும் கீதாஞ்சலிக்கும் நடுவில் உட்கார வைத்தோம். இருபது நிமிஷம் நெளிந்தார். போனை எடுத்தார், கீதாஞ்சலி முறைத்தது, வைத்துவிட்டார். அப்புறம் எதிரே குப்பை அசைந்து அதற்குள்ளிருந்து ஒரு குஞ்சின் அலகு வெளியே வந்தது. அந்த மனுஷன் வாய் திறந்தது திறந்தபடியே இருந்தது அக்கா. எழுந்து போகும்போது பிள்ளைகள் எழுதி வைத்திருந்த உட்கார்ந்து பார்த்த கதைகள் எல்லாவற்றையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

நேற்று முடிவு சொன்னார்கள். வருகிற வருஷம் எல்லாப் பள்ளிகளுக்கும் போகிற விதிமுறையில் எங்கள் ஊர் வழக்கம் சேருகிறது. அதில் இப்படி இருக்குமாம்: "வலம்: ஏரியைச் சுற்றி வந்து எண்ணுவது. இடம்: ஒரே இடத்தில் உட்கார்ந்து பார்ப்பது." நான் தப்பாகப் படித்தது சட்டமாகிவிட்டது. இனி என் முன்னால் தமிழ் பேச எல்லோரும் யோசிக்க வேண்டும்.

ஜனவரி முப்பதாம் தேதி வேங்கிக்காலில் ஒரு மண்டபத்தில் பிள்ளைகள் இதைப் பேசப் போகிறார்கள். நீ வர வேண்டும். மாமாவை மார்க்கெட்டில் பார்த்தேன். ஏரியைப் பற்றி அவர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் நன்றி சொன்னேன். "நான் எங்கப்பா கேட்டேன்? கடுதாசி வந்தா அவளே எடுத்துக்கிட்டு உள்ள போயிடறா. எனக்கு உன் சர்க்கரை எவ்ளோன்னுகூடத் தெரியாது" என்றார். சரி, மாமாவையும் கூட்டி வா. பாவம், அவருக்கும் தெரியட்டும்.

காத்திருக்கும் தம்பி,
சகாதேவன்

*

திருவண்ணாமலை,
2.2.2026

அக்காவுக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை.

மண்டபத்தில் இரண்டாவது வரிசையில் ஒரு நாற்காலியில் என் துண்டைப் போட்டு வைத்திருந்தேன். பஸ்ஸில் துண்டு போட்டு சீட் பிடிக்கிறவர்களை இருபத்தெட்டு வருஷம் திட்டியவன் நான். அன்றைக்கு எட்டு பேரோடு சண்டை போட்டு அந்த நாற்காலியைக் காப்பாற்றினேன். கடைசி வரைக்கும் அதில் துண்டுதான் உட்கார்ந்திருந்தது.

நீ பார்க்காமல் போனதை எழுதுகிறேன். கீதாஞ்சலி மேடையில் ஏறியது. மைக் உயரத்துக்கு எட்டவில்லை. பிரசாத் ஓடிப்போய் மைக்கைப் பிடித்துக்கொண்டு முட்டி போட்டு நின்றார். குப்பைக்குள் முட்டை இருந்த கதையை ஒரு தடங்கல் இல்லாமல் சொன்னது. ஒரு பெரிய அதிகாரி, "பெரியவளாகி என்ன ஆகப்போறே?" என்று கேட்டார். "இப்பவே எண்ணிக்கிட்டுத்தானே சார் இருக்கேன்" என்றது. மண்டபம் இடிந்துவிடும்போல் கைதட்டல். ஜோதியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்க டீச்சருங்க, எங்க டீச்சர்" என்று முன்வரிசை பின்வரிசை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். சொந்தக்கார வாலண்டியரைப் பற்றியும் இரண்டு வார்த்தை நல்லதாகச் சொன்னார் என்பதை அடக்கத்தோடு தெரிவிக்கிறேன்.

தேவிப்ரியா மேடை ஏறவில்லை. பிள்ளைகளை ஏற்றிவிட்டு வாசல் பக்கம் நின்றாள். வெளியே ஆட்டோ வந்து நிற்கும்போதெல்லாம் திரும்பிப் பார்த்தாள்.

இதற்கு மேல் எழுத எனக்குச் சரக்கு இல்லை. பதினாலாம் தேதி சனிக்கிழமை கண் பரிசோதனைக்கு வேலூர் போகிறேன். அன்றைக்கு இடம் வாரம், குறட்டை விடாமல் பிள்ளைகள் நிம்மதியாக இருப்பார்கள்.

உடம்பைக் கவனித்துக்கொள்.

சகாதேவன்

*

கீழ்பென்னாத்தூர்,
16.2.2026

தம்பி சகாதேவனுக்கு,

அக்கா அன்புடன் எழுதுவது. நாங்கள் சௌக்கியம். உன் கண்ணுக்கு டாக்டர் என்ன சொன்னார்?

மண்டபத்துக்கு நான் வரவில்லை. வந்தால் கைதட்டலாம். கைதட்டிவிட்டு எழுந்து வந்துவிடலாம். அன்றைக்குப் பூ வைக்க வந்தவர்கள் முன்னால் எதை விடமாட்டேன் என்று சொன்னாளோ, அது அந்த மண்டபத்தில் இருக்காது. அது எங்கே இருக்கிறதோ அங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். நீ ஊரில் இல்லாத நாளாகப் பார்த்தேன். நீ இருந்தால் ஊரைக் கூட்டியிருப்பாய்.

முதல் பஸ்ஸில் போனேன். எதிர்க்கரைக்குப் போகும்போதே ஒரு சின்னப் பெண் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு ஓடி வந்தது. நீ எழுதுகிற கீதாஞ்சலி அதுதான் என்று பார்த்ததுமே தெரிந்தது.

"பெரிம்மா, செருப்பைக் கழட்டிட்டு வாங்க. இன்னிக்கு இடம்."

"நான் டீச்சரைப் பார்க்கணும்டி."

"அதெல்லாம் மணி அடிச்சப்புறம். இப்ப உட்காருங்க. பேசக் கூடாது. பார்த்ததை மட்டும் எண்ணணும், நினைச்சதை எண்ணக் கூடாது."

என் கையைப் பிடித்து இழுத்துப் போய் ஒரு இடத்தில் உட்கார வைத்தது. பக்கத்தில் அவள். திரும்பிப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். அந்தப் பெண், "டீச்சர், நீங்களும்தான்!" என்று அதட்டியது. மூடிக்கொண்டாள்.

பேசாமல் இருப்பது எங்களுக்குப் புதிதா? இரண்டு வருஷப் பழக்கம். ஆனால் அது வேறு, முழங்கை படுகிற தூரத்தில் உட்கார்ந்து பேசாமல் இருப்பது வேறு. கறுத்துவிட்டாள். பாதமெல்லாம் முள் கீறல். எதிரே தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் வெயில் ஏறியதும் தன் தலையில் இருந்த தொப்பியைக் கழற்றி, என் பக்கம் திரும்பாமலே, என் தலையில் வைத்தாள். நான் அதை எடுக்கவில்லை. சுற்றிலும் முப்பது பிள்ளைகள், ஒரு சத்தம் இல்லை. காற்றும் பறவையும்தான். என் மகள் ஒரு அதட்டல் இல்லாமல் அத்தனை பேரை அப்படி உட்கார வைத்திருக்கிறாள். பெங்களூரில் இதை யாருக்குக் காட்டியிருக்க முடியும்?

மணி அடித்தது. "எத்தனை முக்குளிப்பான் பெரிம்மா?" என்று கீதாஞ்சலி வந்து நின்றது.

"நாலு" என்றேன்.

"அஞ்சும்மா" என்றாள் தேவிப்ரியா. இரண்டு வருஷத்துக்குப் பிறகு என்னிடம் பேசின முதல் பேச்சு அதுதான். "பெருசு முதுகு மேல, றெக்கைக்குள்ள ஒரு குஞ்சு இருந்துச்சு. ரெண்டாவது தடவை முட்டை போட்டுப் பொரிச்சது. தலையை மட்டும் எட்டிப் பார்த்துச்சே, நீ பார்க்கலையா?"

"நான் பார்க்கல."

"நல்லாப் பார்த்துச் சொல்லும்மா. உன் கண் முன்னாடிதான் போச்சு."

"பார்க்கலைன்னா பார்க்கலதான்டி. பார்த்ததைத்தானே சொல்லணும்?"

"ஆமா டீச்சர், பெரிம்மா சொல்றதுதான் ரூல்" என்றது கீதாஞ்சலி. அதனால் என் பேரில் நாலு, அவள் பேரில் அஞ்சு என்று சென்னைக்குப் போயிருக்கிறது.

மத்தியானம் அவள் வீட்டில் சாப்பிட்டேன். ரசத்தில் உப்பு ஜாஸ்தி, சொன்னேன், அதற்கும் சண்டை. பஸ் ஏறுகிற வரைக்கும் நாலா அஞ்சா என்றே பேசிக்கொண்டிருந்தோம், தீரவில்லை. ஏறி உட்கார்ந்ததும் ஜன்னல் ஓரம் வந்து, "அடுத்த இடத்துக்கு வந்து நீயே எண்ணிப் பாரு" என்றாள். போகப் போகிறேன். மாமாவும் வருகிறார்.

வேறு ஒன்றும் இல்லை. உன் சர்க்கரை எவ்வளவு என்று அவசியம் எழுது. இதைக் கேட்பது மாமா இல்லை, நான்தான்.

அவளிடம் உளறிவிடாதே: அந்த அஞ்சாவதை நானும் பார்த்தேன்.

உன் அக்கா,
தங்கம்மாள்